'க்ளிக்' கத்திகள்!

1957-ல் வெளிவந்த 'ட்வெல்வ் ஆங்ரி மென்' படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் பாதகமில்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுங்கள். டூயட் கிடையாது, ஃபைட் கிடையாது, ஏறக்குறைய படம் முழுக்க ஒரே ஓர் அறை. அப்பாவைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஒரு பையனைச் சாகடிக்கலாமா, வேண்டாமா என்று பன்னிரண்டு ஜூரிகள் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து பேசுகிறார்கள்.

பதினோரு பேர் 'குற்றவாளிதான்' என்கிறார்கள். ஹென்றி ஃபோண்டா மட்டும் 'பேசிப் பார்க்கலாமே' என்கிறார். அந்த மாதிரிக் கத்தி இன்னொன்று கிடைக்கவே கிடைக்காது என்று மற்றவர்கள் அடித்துச் சொல்லும்போது, தன் பாக்கெட்டிலிருந்து அதே மாதிரி ஒரு கத்தியை எடுத்து மேஜையில் குத்தி நிறுத்துவார் பாருங்கள்... வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தாலும் கை தட்டத் தோன்றும்!

எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் வருகிற காட்சி. ஏழைப் பேட்டையில் வளர்ந்த ஐந்தாம் நம்பர் ஜூரி அந்தக் கத்தியைக் கையில் வாங்குகிறார். பட்டன் கத்தி பழகியவன் அதைப் பிடிக்கிற விதமே வேறு என்கிறார். கீழிருந்து மேலாகத்தான் வீசுவான். பட்டனை அழுத்தித் திறக்கும்போது கை இருக்கிற வாகு அப்படி. நடுவில் பிடியை மாற்றிக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்? செத்தவரின் காயமோ மேலிருந்து கீழாக இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான், பையனுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்கள் நெளிய ஆரம்பிக்கிறார்கள்.

ஒரு கத்தி எப்படித் திறக்கிறது என்பதில் ஓர் உயிர் தொங்குகிறது. 'சினிமாதானே ஸார்' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நிஜ நியூயார்க்கிலும் இதே கேள்விக்காக நிறையப் பேர் விலங்கு மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கதைக்கு வருமுன், கத்தியைக் கொஞ்சம் கழற்றிப் பார்த்துவிடலாம். (பயப்படாதீர்கள், காகிதத்தில்தான்.)

குடைதான் குரு!

தானாகத் திறக்கும் கத்தியைப் புரிந்துகொள்ள உங்கள் வீட்டுப் பட்டன் குடையே போதும். குடையை மடக்கும்போது நீங்கள் மூச்சுப் பிடித்து அழுத்துகிறீர்களே, அந்தப் பலமெல்லாம் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கில் போய்ச் சேருகிறது. சின்னதாக ஒரு கொக்கி அதை 'இரு, இரு' என்று பிடித்து வைத்திருக்கிறது. பட்டனைத் தட்டியதும் கொக்கி விலகுகிறது... டப்! குடை திறந்து, முன்னால் நிற்பவரின் மூக்குக் கண்ணாடி பறக்கிறது.

பட்டன் கத்தியும் இதேதான். மூடும்போது நாம் கொடுத்த பலத்தை ஸ்பிரிங் திருப்பித் தருகிறது. ஆக, எந்தப் பட்டன் கத்தியைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒன்று, ஸ்பிரிங் எப்படித் தள்ளுகிறது? இரண்டு, மூடியிருக்கும்போது அதைப் பிடித்து வைத்திருப்பது எது? மூன்று, திறந்தபின் பிளேடு திரும்ப மடங்காமல் பூட்டுவது எது? சினிமாக்காரர்கள் முதல் கேள்வியோடு கிளம்பிவிடுகிறார்கள். உங்கள் விரல்களுக்கு முக்கியம் மூன்றாவது.

இத்தாலிய மாப்பிள்ளை

சினிமாவில் வருகிற ஒல்லியான, நீளமான பட்டன் கத்திக்குச் சொந்த ஊர் இத்தாலி. வடகிழக்கே மேனியாகோ என்று ஓர் ஊர். நம் சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி, அந்த ஊருக்குக் கத்தி. கத்திக்கென்று மியூசியமே வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க சிப்பாய்கள், நம்மவர்கள் துபாயிலிருந்து சென்ட் பாட்டில் வாங்கி வருவது போல இந்த 'ஸ்டிலெட்டோ' கத்திகளை வாங்கிப் போனார்கள். அதிலிருந்துதான் ஹாலிவுட்டுக்குப் பிடித்தது பைத்தியம்.

இதில் பிளேடைத் தள்ளுவது பட்டை ஸ்பிரிங். லாரி அச்சுக்கு மேலே பட்டை பட்டையாக இருக்குமே, அதன் கொள்ளுப்பேரன். மூடும்போது பிளேடின் வால் பகுதி அதை வளைக்கிறது. பட்டன் பக்கத்திலேயே குட்டியாக ஒரு தள்ளு பட்டன் இருக்கும். அது காவல்காரர். அதைத் தள்ளி வைத்தால் பெரிய பட்டன் வேலை செய்யாது.

பூட்டு விஷயத்தில்தான் பழைய இத்தாலியர்கள் படுத்தியிருக்கிறார்கள். திறந்ததும் முதுகுப் பக்கத்துப் பட்டை ஒன்று பிளேடில் மாட்டிக்கொள்ளும். மூட வேண்டுமானால் அந்தப் பட்டையின் நுனியை நகத்தால் நெம்பித் தூக்கி, தூக்கியதை விடாமல், இன்னொரு கையால் பிளேடை மடக்க வேண்டும். முந்தின நாள்தான் நகம் வெட்டியிருந்தால் போச்சு! பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் கருணை காட்டி, பிளேடும் கைப்பிடியும் சேரும் இடத்திலுள்ள உலோகக் குமிழைச் சற்றே திருப்பினால் பூட்டு விலகும்படி செய்தார்கள். திறக்க ஒரு நொடி, மூட ஒரு சடங்கு. சினிமாவில் அடியாள் கத்தியை மூடுகிற காட்சி ஏன் வருவதே இல்லை என்று புரிகிறதா?

ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்துக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். பட்டனுக்குப் பதில் கைப்பிடியோடு படுத்திருக்கும் ஒரு சின்ன லீவர். அதை நிமிர்த்தி அழுத்தினால்தான் பிளேடு வரும். படுத்திருக்கும்வரை பாக்கெட்டில் சாவிக்கொத்து இடித்தாலும், பஸ்ஸில் பக்கத்து ஆசாமி இடித்தாலும் ஒன்றும் ஆகாது. பாதுகாப்பும் அதுவே, பட்டனும் அதுவே. ஒரே ஆள் வாட்ச்மேனாகவும் மேனேஜராகவும் இருக்கிற கம்பெனி மாதிரி. எனக்குக் கேட்டால், பழைய கத்திகளில் புத்திசாலி இதுதான்.

ஒரு பட்டன், இரண்டு வேலை

இன்றைக்கு அமெரிக்காவில் வருகிற பக்கவாட்டில் திறக்கும் ஆட்டோ கத்திகள் பெரும்பாலும் 'பட்டன் லாக்' ரகம். பட்டை ஸ்பிரிங் போய்விட்டது. பிளேடு சுழலும் ஆணியைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங். பட்டனுக்குக் கீழே உருளையாக ஒரு துண்டு, அதில் ஒரு வெட்டு. பிளேடின் வாலில் இரண்டு பள்ளங்கள். மூடியிருக்கும்போது உருளை முதல் பள்ளத்தில் உட்கார்ந்து பிளேடைப் பிடித்திருக்கும். பட்டனை அழுத்தினால் உருளை இறங்கி, அதிலுள்ள வெட்டு வழிவிடும். பிளேடு சுழன்று திறந்ததும் உருளை மேலே எழும்பி இரண்டாவது பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். பூட்டியாயிற்று!

மூட வேண்டுமா? அதே பட்டனை அழுத்திக்கொண்டு பிளேடை மடக்க வேண்டியதுதான். நகம் நெம்பும் வேலை இல்லை. முக்கியமான விஷயம், பட்டன் கைப்பிடியின் பக்கவாட்டில் இருப்பதால் மூடும்போது கட்டை விரல் பிளேடின் பாதையில் இருக்காது.

குறை இல்லாமலா? மூடிய நிலையில் ஸ்பிரிங் எப்போதும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. கோபக்கார மாமனார் மாதிரி. பாக்கெட்டுக்குள் பட்டன் தற்செயலாக அழுந்திவிட்டால்... மேலே எழுத வேண்டாம், புரிந்திருக்கும். அதனால் பல கத்திகளில் ஒரு தள்ளு பூட்டு வைக்கிறார்கள். ஆனால் அதைத் தள்ளி, அப்புறம் பட்டனைத் தேடி அழுத்துவதற்குள், பழகிய கை சாதாரணக் கத்தியைக் கட்டை விரலாலேயே திறந்துவிடும். 'மின்னல் வேகம்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை.

நேராக நீளும் நாக்கு

அடுத்த ரகம் பக்கவாட்டில் சுழலாது. கைப்பிடியின் முன்வாசல் வழியாக, தவளை நாக்கு மாதிரி நேராக நீளும். இதில் இரண்டு ஜாதி.

ஒன்று, ஒற்றைச் செயல் ரகம். பட்டனைத் தட்டினால் வரும், உள்ளே போகாது. ஒரு பிடியைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை மறுபடி ஏற்ற வேண்டும். நம் பழைய பட்டன் குடை. ஸ்பிரிங் ஒரே வேலை செய்வதால் முரட்டு ஸ்பிரிங் வைக்க முடிகிறது, பூட்டும் இறுக்கமாக உட்காருகிறது.

இரண்டு, இரட்டைச் செயல் ரகம். ஒரே ஸ்லைடரை மேலே தள்ளினால் பிளேடு வெளியே, கீழே இழுத்தால் உள்ளே. இப்போது கடைகளில் வருகிறதே, திறக்கவும் மூடவும் ஒரே பட்டன் உள்ள குடை, அதன் அண்ணன். 1994-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த மைக்ரோடெக் கம்பெனி இந்த ரகத்துக்குப் பெயர் போனது. பென்ச்மேட் கம்பெனியும் செய்கிறது.

இதன் உள்கதைதான் சுவாரஸ்யம். இரட்டைச் செயல் கத்தி சும்மா இருக்கும்போது ஸ்பிரிங்கில் முறுக்கே கிடையாது! நீங்கள் ஸ்லைடரைத் தள்ளும்போதுதான் ஸ்பிரிங் இழுபடுகிறது. முக்கால்வாசி தூரம் தள்ளியதும் உள்ளேயுள்ள கொக்கி விலகி, பிளேடு பாய்கிறது. அதாவது பிளேடைத் தள்ளியது ஸ்பிரிங் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தாலும், அந்தப் பலம் முழுக்க உங்கள் கட்டை விரல் அந்த நிமிஷம் கொடுத்ததுதான். நிறையப் பேருக்கு விரல் வலிப்பதன் ரகசியம் இதுவே. பாக்கெட்டில் தானாகத் திறக்கும் பயமும் இதில் குறைவு.

இன்னொன்று. பாதி தூரத்துக்கு மேல் பிளேடு ஸ்பிரிங்கின் பிடியிலிருந்து விடுபட்டு, வந்த வேகத்தில் ஓடிப்போய்ப் பூட்டில் விழுகிறது. ஸ்டாப்பிங்கில் நிற்காமல் மெதுவாகப் போகும் பஸ்ஸிலிருந்து நாம் இறங்கிச் சில அடி ஓடுவோமே, அதே தத்துவம். வழியில் துணியோ மரமோ குறுக்கிட்டால் பிளேடு அங்கேயே நின்றுவிடும், பூட்டாது. அப்புறம் கையால் இழுத்து இடத்தில் சேர்க்க வேண்டும். மூடியைத் துளைத்துக்கொண்டு பாய்வதெல்லாம் சினிமாவில்தான். பூட்டியபின்னும் பிளேடு லேசாக 'கடகட'வென ஆடும். உள்ளே வழுக்கிப் போக இடம் வேண்டுமென்றால் ஆட்டமும் இருக்கத்தான் செய்யும். இரண்டும் சேர்ந்து வருகிற தம்பதி.

மரத்தில் தொங்கியவர்கள் கேட்ட கத்தி

'இதெல்லாம் எதுக்கு ஸார்? ரவுடிகளைத் தவிர யாருக்கு வேணும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

பாராசூட்டில் குதிக்கும் சிப்பாய் மரத்தில் சிக்கிக்கொள்கிறான். ஒரு கையால் கிளையைப் பிடித்துத் தொங்குகிறான். கயிறுகளை அறுத்துக்கொண்டு இறங்க வேண்டும். மிச்சமிருப்பது ஒரு கை. அந்த ஒரு கையால் நகம் வைத்து இழுக்கும் பேனாக்கத்தியைத் திறந்து பாருங்கள், தெரியும் சங்கதி!

அதற்காகத்தான் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க பாராசூட் வீரர்களுக்கு எம்-2 என்ற பட்டன் கத்தியைக் கொடுத்தார்கள். 1942 மாடல் குதிக்கும் சட்டையில், கழுத்துக்குக் கீழே ஜிப் வைத்த தனிப் பாக்கெட்டே அதற்கு உண்டு. எந்தக் கை சும்மா இருக்கிறதோ அந்தக் கையால் எடுக்க வசதி. ஜெர்மானியர்கள் ஸ்பிரிங்கே இல்லாமல் காரியத்தை முடித்தார்கள். கத்தியைக் கீழ்நோக்கிப் பிடித்து லீவரை அழுத்தினால் பிளேடு சொந்த எடையிலேயே கீழே விழும். லீவரை விட்டால் பூட்டிக்கொள்ளும். புவியீர்ப்புக் கத்தி! நியூட்டன் பார்த்திருந்தால் ஆப்பிள் வெட்ட ஒன்று வாங்கியிருப்பார்.

மின் கம்பத்தில் ஏறிய எலெக்ட்ரீஷியன், அலையில் ஆடும் படகில் வலைக்கயிறு அறுக்கும் மீனவர், விபத்துக் காரில் ஸீட் பெல்ட்டை அறுக்கிற ஆம்புலன்ஸ்காரர்... இவர்களுக்கெல்லாம் ஒரு கை எப்போதும் பிஸி. ஒரு கையால் திறக்க வேண்டும் என்பது ஸ்டைல் இல்லை, தேவை.

அரை ஆட்டோ!

அமெரிக்காவில் பட்டன் கத்திமீது பயம் கிளம்பியது 1950-ல். ஒரு பெண்கள் பத்திரிகை 'கொல்லும் பொம்மை' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு கட்டுரை போட்டது. அப்புறம் படங்கள். 1955-ல் 'ரெபெல் வித்தவுட் எ காஸ்' படத்தில் ஜேம்ஸ் டீன் கத்திச் சண்டை போட்டார். பெற்றோர்கள் நடுங்க, 1958-ல் மத்தியச் சட்டமே வந்துவிட்டது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பட்டன் கத்தி வியாபாரம் செய்யக்கூடாது. மறு வருஷம், 1959-ல், பிரிட்டனும் விற்பனையைத் தடை செய்தது.

அந்த அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வரி என்னை ஈர்த்தது. ஒரு கை மட்டுமே உள்ளவர்கள், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத பட்டன் கத்தியை வைத்துக்கொள்ளலாம்! நடுங்கிக்கொண்டே சட்டம் எழுதியவர்களுக்கும், இது யாருக்காவது உபயோகப்படுகிற பொருள் என்பது தெரிந்திருக்கிறது.

சட்டம் சந்து விட்டால் இன்ஜினீயர் சும்மா இருப்பாரா? 'கைப்பிடியிலுள்ள பட்டனை அழுத்தித் திறந்தால்' என்பதுதானே சட்டம்? பட்டனே இல்லாமல் செய்தால்? 1990-களில் கென் ஆனியன் என்ற கத்தி டிசைனர், கெர்ஷா கம்பெனிக்காக 'ஸ்பீட்-ஸேஃப்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். இதில் பிளேடை நீங்களேதான் விரலால் தள்ள ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பத்தில் ஸ்பிரிங் பிளேடை 'உள்ளேயே இரு' என்று மூடும் பக்கம் அழுத்துகிறது. கொஞ்ச தூரம் தாண்டியதும் அதே ஸ்பிரிங் கட்சி மாறி, திறக்கும் பக்கம் தள்ளுகிறது! (நம் அரசியலில் பார்த்துப் பழகிய காட்சி.)

இது பட்டன் கத்தியா, இல்லையா? 2009-ல் அமெரிக்க கஸ்டம்ஸ் இலாகா 'ஆமாம்' என்று சொல்லப் பார்த்தது. கத்தி கம்பெனிகளும் கத்தி வைத்திருப்பவர்களும் போட்ட கூச்சலில், அதே வருஷம் பார்லிமென்ட்டே சட்டத்தைத் திருத்தி, 'மூடும் பக்கம் சாய்வுள்ள கத்தி பட்டன் கத்தி ஆகாது' என்று எழுதி வைத்தது. ஒரு ஸ்பிரிங் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்லிமென்ட் தீர்மானித்த ஊர் அது.

பூட்டில் இருக்கிறது புத்தி

இனி மூன்றாவது கேள்வி. திறந்த கத்தி வேலை செய்யும்போது மடங்காமல் இருக்க வேண்டும். மடங்கினால் அது விழும் இடம் உங்கள் நாலு விரல்கள்.

பழைய பேனாக்கத்தியில், ஸ்விஸ் ஆர்மி கத்தியின் பிரபலமான சின்ன மாடல்களில், பூட்டே கிடையாது. முதுகு ஸ்பிரிங் சும்மா தாங்கிப் பிடிக்கிறது. பென்சில் சீவ, ஆப்பிள் நறுக்கப் போதும். முனையால் எதையாவது குத்தித் துளைக்கப் போனால் மடங்கும்.

1964-ல் வந்த அமெரிக்காவின் பக் 110 கத்தியில் 'பின்பூட்டு'. முதுகிலுள்ள ஒரு சட்டம் பிளேடின் வாலிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். பலமான பூட்டு. மூட, முதுகை அழுத்தி இரண்டு கை போட வேண்டும். ஒன்றே ஒன்று, வெறி வந்து கைப்பிடியை இறுக்கினால் நாமே பூட்டை அழுத்திவிடும் அபாயம் உண்டு.

பிரான்ஸின் ஓபினெல் கத்தியில் 1955-லிருந்து ஒரு வளையம். திருகினால் பூட்டு, திருகினால் திறப்பு. தண்ணீர்க் குழாய் மாதிரி. ஸ்டைல் பூஜ்யம், புத்தி நூறு. 2000-லிருந்து மூடிய நிலையிலும் அந்த வளையத்தைப் பூட்டலாம் என்று செய்துவிட்டார்கள்.

1980-களில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கைவினைஞரின் 'லைனர் லாக்' பரவியது. கைப்பிடிக்குள் இருக்கும் தகடு வளைந்து வந்து பிளேடின் வாலுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கிறது. கதவுக்குப் பின்னால் நாற்காலியைச் சாத்துவது போல. கிறிஸ் ரீவ் என்பவர் அந்தத் தகட்டுக்குப் பதில் கைப்பிடியின் ஒரு பகுதியையே முட்டாகத் தடிமனாக்கினார். இரண்டும் ஒரு கையால் மூடலாம். ஆனால் மூடும்போது கட்டை விரல் பிளேடு வரும் வழியில் நிற்கிறது. விரலை எடுத்த பிறகுதான் மடக்க வேண்டும். அவசரக்காரர்கள் இங்கேதான் பிளாஸ்திரி வாங்குகிறார்கள்.

1998-ல் பென்ச்மேட் கம்பெனி 'ஆக்ஸிஸ் லாக்' கொண்டுவந்தது. கைப்பிடியின் குறுக்கே ஒரு சின்ன உருளைக் கம்பி, இரண்டு பக்கமும் ஸ்பிரிங். பிளேடு திறந்ததும் கம்பி அதன் வாலுக்கு மேல் ஆப்பு மாதிரி ஏறி உட்காருகிறது. இடது கைக்காரர், வலது கைக்காரர் இருவரும் ஒரு கையால் பின்னுக்கு இழுத்து மூடலாம், விரல் பாதையில் இல்லை.

என் மார்க் ஷீட் இதோ. திறக்கும் ஜோருக்கு முதல் பரிசு, நேராக நீளும் இரட்டைச் செயல் ரகத்துக்கு. ஒரு கைக்காரருக்கும் அதுவே வரம், மூடுவதும் அதே கைதான். பாக்கெட் பாதுகாப்புக்கு ஜெர்மன் லீவர். ஒரு கையில் திறந்து, பூட்டி, விரல் போகாமல் மூட குறுக்குக் கம்பி. தானாகத் திறக்கும் பக்கவாட்டுக் கத்திகளுக்குள் பட்டன் லாக். விலைக்கும் நிம்மதிக்கும் ஓபினெல் வளையம். இத்தாலிய மாப்பிள்ளைக்கு? போட்டோவில் அழகு!

போலீஸ்காரர் மணிக்கட்டு

இப்போது நியூயார்க். 1950-களிலிருந்து அங்கே பட்டன் கத்தியோடு புவியீர்ப்புக் கத்திக்கும் தடை. சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்தது அந்த ஜெர்மன் பாராசூட் கத்தி. 'புவியீர்ப்பாலோ, வீசும் விசையாலோ திறந்து பூட்டிக்கொண்டால் குற்றம்' என்று எழுதினார்கள்.

வந்தது வம்பு! நவீன மடக்குக் கத்தியை மணிக்கட்டால் பலமாக உதறினால் பல சமயம் திறந்துகொள்ளும். சாதாரண ஹார்டுவேர் கடையில், பில் போட்டு வாங்கிய கத்தி. பாக்கெட்டில் அதன் கிளிப் தெரிந்தால் போலீஸ்காரர் வாங்கி உதறுவார். திறந்தால் கேஸ். தச்சர்கள், எலெக்ட்ரீஷியன்கள், மேடை அமைப்பவர்கள் என்று உழைக்கிற ஜனங்கள்தான் அதிகம் மாட்டினார்கள். கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் அதில் மிக அதிகம். வேலைக்குப் போன மனுஷன் லாக்கப்பில்!

2013-ல் ஒரு ரெஸ்டாரண்ட் சமையல்காரர் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் பிடிபட்டார். அவர் கத்தி போலீஸ்காரரின் முதல் உதறலில் திறக்கவில்லை. விடாமுயற்சி வெற்றி தரும் அல்லவா, இன்னும் சில உதறல்களில் திறந்துவிட்டது. அவர் கோர்ட்டுக்குப் போய்க் கேட்டது எளிமையான கேள்வி. 'என் கையில் திறக்காத கத்தி இன்னொருவர் கையில் திறக்குமா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?' 2019 மார்ச்சில் ஃபெடரல் நீதிபதி, அவர் விஷயத்தில் சட்டம் தெளிவில்லாதது என்று தீர்ப்பளித்தார். அந்த வருஷம் மே 30-ம் தேதி கவர்னர் கையெழுத்துப் போட, நியூயார்க்கில் புவியீர்ப்புக் கத்தித் தடை ஒழிந்தது. பட்டன் கத்தித் தடையைப் பொறுத்தவரை டெக்ஸாஸ் 2013-லேயே விலக்கிக்கொண்டது. மாஸசூஸெட்ஸில் 2024-ல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது.

பிரிட்டன் எதிர்த் திசையில் போகிறது. 2021-லிருந்து அங்கே பட்டன் கத்தியை வீட்டு அலமாரியில் வைத்திருந்தாலே குற்றம். இன்னொரு விந்தை கேளுங்கள். மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியை அங்கே காரணம் சொல்லாமல் வெளியே எடுத்துப் போகலாம். ஆனால் அதில் பூட்டு இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது மடக்குக் கத்தியே இல்லை! அதாவது விரலைக் காப்பாற்றுகிற பூட்டுதான் ஆளை மாட்டிவிடுகிறது.

நம் நாட்டிலும் உண்டு!

வட இந்தியாவில் ராம்பூர் கத்தி புகழ் பெற்றது. உத்தரப்பிரதேசத்து ராம்பூர். இந்திப் பட வில்லன்களின் அதிகாரபூர்வ சப்ளையர் என்றே சொல்லலாம். 'பட்டன்தார்', திறக்கும்போது பல்சக்கரம் போல 'கர்ர்... கர்ர்...' என்று சத்தம் போடும் 'கராரிதார்' என்று ரகங்கள். அந்த ஊர் 2023-ல் ஆறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ராம்பூர் கத்தியை நாற்சந்தியில் நிறுத்தி வைத்திருக்கிறது. நல்லவேளை, அதை மடக்கிப் பாக்கெட்டில் போட முடியாது.

பக்கத்திலேயே டெல்லி. அங்கே 1980 அக்டோபரில் வந்த அரசு அறிவிக்கை, ஸ்பிரிங் கத்தி, பட்டன்தார், கராரிதார் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும், அல்லது அதற்கு மேலும் உள்ள பிளேடு லைசென்ஸ் இல்லாமல் கையில் இருந்தால் ஆயுதச் சட்டம் பாயும். ஆகவே ஆன்லைனில் 'சூப்பர் டிசைன், ஐம்பது பர்சென்ட் தள்ளுபடி' என்று பார்த்து ஆர்டர் போட்டுவிட்டு, அதைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு டெல்லி மெட்ரோவில் ஏறுகிற எண்ணம் உள்ள இளைஞர்கள் ஒரு முறை யோசிக்கவும். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் ஆகாது, அது தெரிந்ததுதான்.

ஆபீஸில் பார்சல் பிரிக்க, டிபன் டப்பாவோடு கொண்டு போகிற கொய்யாப்பழம் நறுக்க ஸ்பிரிங் தேவையில்லை. நல்ல பூட்டுள்ள, கையால் திறக்கிற சின்னக் கத்தி போதும். பட்டன் கத்தி தேவைப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு கை எப்போதும் வேறு எதையோ பிடித்துக்கொண்டிருக்கும். நமக்குப் பெரும்பாலும் இன்னொரு கை சும்மாதான் இருக்கிறது, செல்போனைத் தவிர.

அப்படியும் கடைக்குப் போனீர்களானால், கடைக்காரர் 'பாருங்க ஸார்' என்று க்ளிக் செய்து பளபளவென்று காட்டுவார். அசந்துவிடாதீர்கள். "நல்லா இருக்குண்ணே... இப்ப மூடிக் காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் விரல் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.